மணியடித்தால் பிரியும் வகுப்பு

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 11 வரை எந்தப் பிள்ளையும் விட்டுவிட முடியாத பாடங்களுள் சமயம் ஒன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு அதுவும் கட்டாயம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என ஐந்துக்கும் தனித்தனிப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாகத் தருகிறது. ஒரே விவிலியத்தை வாசிக்கிற கத்தோலிக்கப் பிள்ளைக்கும் மெதடிஸ்தப் பிள்ளைக்கும்கூட வேறு நூல், வேறு வினாத்தாள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பல சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் தமிழ்மொழிமூல வகுப்பொன்றில், நேரசூசியில் சமயம் வரும்போது வகுப்பு கலைகிறது. சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் போவார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அறை கிடைக்காவிட்டால் மண்டபத்து மூலை. அடுத்த மணிக்கு எல்லோரும் திரும்பி வந்து கணிதக் கொப்பியைத் திறப்பார்கள். இந்தப் பிரிவைக் கல்வியாளர் எவரும் இருந்து யோசித்து வகுக்கவில்லை. கொழும்பின் தெருக்களிலும் சட்டசபையிலும் நெடுங்காலம் நடந்த சமயப் போட்டிக்கு எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கை அது. உடன்படிக்கை என்ற அளவில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் அது தீர்த்து வைத்தது பெரியவர்களுக்கு இடையில் இருந்த வழக்கை. பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அதில் ஒரு வாசகமும் கிடையாது. ஒழுக்கவியலும் உறவுகள் பற்றிய கல்வியும் நம் பாடசாலைகளில் இன்றுவரை காலூன்ற இடமின்றி நிற்பதற்குக் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

கதையை ஒல்லாந்தரிடமிருந்து தொடங்கலாம். 1656 இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்த கிழக்கிந்தியக் கொம்பனி, பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் ஒரே கட்டடமாகவும் ஒரே அலுவலகமாகவும் நடத்தியது. சட்டம்பியார் என்று நாம் இன்று சொல்லும் ஆசிரியர் அந்தக் காலத்தில் எழுத்தறிவிப்பவர் மட்டுமல்லர், பதிவாளரும் அவரே. ஞானஸ்நானம், திருமணம் ஆகியவை ‘பள்ளித் தோம்பு’ எனப்பட்ட ஏட்டில் அவர் கையால் ஏறின. தோம்பில் பெயர் இருந்தால்தான் பிறப்புக்கும் மணத்துக்கும் சொத்துரிமைக்கும் சான்று. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம் விழுந்தது. திருமணத்தைப் பதிய வந்த சோடி அடிப்படைச் செபங்களையும் வினாவிடையையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கொட்டாஞ்சேனை விளிம்பில் 1757 இல் கட்டிமுடிந்த வூல்வெண்டால் தேவாலயம் அந்த ஆட்சியின் நினைவாக இன்றும் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சமயம், கல்வி, ஆண்–பெண் உறவு மூன்றும் அன்று ஒரே மேசையில் இருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட கேள்வி, பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதன்று. என்ன ஒப்புவிக்கத் தெரியும் என்பதே. சொத்துக்காகவும் பதிவுக்காகவும் செபத்தை மனனம் செய்துவிட்டு வீட்டில் பழைய தெய்வத்தைக் கும்பிட்ட குடும்பங்கள் ஏராளம். ஒப்புவித்தலைச் சமயக் கல்வியாகக் கொள்ளும் பழக்கம் இங்கே எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வினாவிடை என்ற வடிவம் அதற்கும் முந்தியது. தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல்களே அந்த வகை: என்றிக்கே என்றிக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்திலும், ஆசிரியரும் மாணாக்கரும் கேட்டுச் சொல்லும் பாணியிலான ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579 இல் கொச்சியிலும் வந்தன. சுமார் முந்நூறு ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அதே கருவியைக் கையில் எடுத்தார். வெஸ்லியன் மிசனரி பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், மிசனரிப் பள்ளியின் உள்வேலையை நன்கு கண்டவர் அவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார். சைவ வினாவிடையின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதன் நடை தெரியும்: இலக்கமிட்ட குறுங்கேள்வி, அதன்கீழ் ஒன்றிரண்டு வரியில் பிள்ளை மறுத்துக் கேட்க இடமில்லாத விடை. கொழும்பில் கேணல் ஒல்கொட் 1881 இல் வெளியிட்ட பௌத்த வினாவிடையும் அதே அச்சில் வார்த்தது. எதிரியின் ஆயுதத்தை எதிரிக்கெதிராகத் திருப்பியதில் தவறொன்றும் இல்லை. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். ஆனால் தாக்குதலைச் சமாளிக்கச் செய்த கவசத்தை, தாக்குதல் ஓய்ந்து ஒரு நூற்றாண்டு கழிந்தும் பிள்ளைக்கு அன்றாட உடுப்பாக மாட்டிவிட்டோம். இன்றைய சாதாரண தரச் சமய வினாத்தாளிலும் பல்தேர்வு வினாக்கள் முதலில் வந்து நிற்கின்றன. எந்த நாயனார், எந்தத் தலம், எந்தத் திருமுறை என்று கேட்டால் புள்ளியிடுவது எளிது. கூடப் படிக்கிறவளைப் பற்றிப் பொய்க்கதை பரப்பலாமா என்ற கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றின்கீழ் கோடிடச் சொல்ல முடியாது.

போட்டி நூலோடு நிற்கவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரமாயிற்று. அந்த விகாரை, 1873 பாணந்துறை விவாதத்தில் பேர்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். சற்றுத் தள்ளி கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயம். நீதி கேட்டு ஒல்கொட் 1884 இல் இலண்டனுக்குப் போனார்; அடுத்த ஆண்டு வெசாக் பொது விடுமுறையானது. இந்த மோதலின் நீட்சியே பள்ளிக்கூடப் போட்டி. அரச உதவிப்பணம் பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவை மிசனரிகளின் கையில் இருந்தன. ஏற்கெனவே உள்ள பள்ளிக்குக் கால் மைல் தூரத்துக்குள் தொடங்கும் புதுப்பள்ளிக்கு உதவிப்பணம் இல்லை என்றொரு விதி 1890களில் வந்தது. கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடத்தில் கால் மைல் என்றால் நாலு தெருதான். பிந்தி வந்த சைவருக்கும் பௌத்தருக்கும் பள்ளி கட்ட இடமே இல்லை என்பது அதன் பொருள். பெற்றோர் மறுத்தால் பிள்ளையைச் சமய பாடத்தில் இருத்தக் கூடாது என்ற ‘மனச்சாட்சி விதி’ ஏட்டில் இருந்தது. பள்ளி கொடுத்த பாதிரியாரிடமே போய் மறுப்புச் சொல்லும் துணிவு எத்தனை தகப்பன்மாருக்கு இருந்திருக்கும்? 1897 சனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அவர் பெயரால் விவேகானந்த சபை 1902 இல் தோன்றியது. சபை கொட்டாஞ்சேனைப் பக்கத்து விவேகானந்த மேட்டில் நிலைகொண்டு, தீவெங்கும் சைவப் பிள்ளைகளுக்குச் சமய பாடப் பரீட்சை நடத்தி வந்தது. பின்னர் இராமகிருஷ்ண மிசன் வெள்ளவத்தையில் தன் இல்லத்தை அமைத்தது. சைவ மங்கையர் கழகம் அதே வெள்ளவத்தையில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியது. தெற்கே குடியேறிய தமிழ் நடுத்தர வகுப்புக்கு, கன்னியாஸ்திரிகளின் கொன்வென்ட்டுக்கு மாற்றாக ஒரு வாசல் திறந்தது அப்படித்தான்.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வழக்கு அரசின் முன் வந்தது. கன்னங்கரா தலைமையிலான விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற சமயப் பள்ளிகளை அரசுடைமையாக்கின. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் குடியிருந்து எதிர்த்தார்கள்; பம்பாய்க் கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேச வேண்டியதாயிற்று. கொட்டாஞ்சேனையில் 1865 இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் நல்லாயன் கன்னியர் மடமும் கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக ஒதுங்கித் தப்பின. மற்றப்படி அரசே எல்லாச் சமயங்களின் ஆசிரியராகவும் ஆனது. பள்ளி யாருடையது என்ற சண்டை முடிந்தது. அதற்கு விலையாக ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் அறை என்ற ஏற்பாடு வலுப்பட்டது. அதுதான் நான் சொன்ன உடன்படிக்கை. அதில் கையெழுத்திட்டவர்கள் குருமார், அரசியல்வாதிகள், பெற்றோர். பதினாலு வயசுப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது என்பதால், அதன் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பான்மைச் சமயத்துக்கு அரசியலமைப்பிலேயே முதன்மை இடம் உள்ள நாட்டில், கொழும்புச் சைவப் பிள்ளைக்குத் தன் சமயத்தைத் தன் மொழியில், அரசின் செலவில், தன் சமயத்து ஆசிரியரிடம் படிக்கும் உரிமை கிடைத்தது சிறிய காரியமன்று. பிரிவைக் கலைத்து எல்லாச் சமயத்தையும் ஒரே பாடமாக்கினால் அந்த நூலை யார் எழுதுவார்கள், அதில் சைவத்துக்கு எத்தனை பக்கம் மிஞ்சும் என்று கேட்பவர்களின் அச்சம் கற்பனையன்று. 1983 யூலையில் வெள்ளவத்தைத் தெருக்கள் எரிந்ததைக் கண்ட சமூகம் அரசின் பொதுப் பாடநூலைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம். வரலாற்றுப் பாடநூல் பற்றிய பழைய முறைப்பாடுகளே போதும். ஆகவே சைவநெறியையோ கத்தோலிக்கத்தையோ நேரசூசியிலிருந்து எடுக்கச் சொல்வது என் வாதமன்று. அவை செய்ய முடியாத ஒரு வேலையை அவற்றின் தலையில் கட்டிவிட்டு, வேலை நடந்துவிட்டதாகப் பாவனை செய்கிறோம் என்பதே.

அந்த வேலை என்ன? ஒழுக்கம் சமய பாடத்துக்குள் அடங்கிவிட்டது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஒழுக்கக் கேள்விகளிற் பெரும்பாலானவை அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையைப் பற்றியவை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள்: பொட்டிட்டவரும் முக்காடிட்டவரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அங்கிருந்து நடைதூரத்தில் பொன்னம்பலவாணேசர் கோயில். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து கடலோரமாகத் தெற்கே வரும்போது பார்க்க நிற்பவர்களிலும் சாதி சமயக் கணக்கில்லை. பெரியவர்கள் இவ்வளவு கலந்து வாழும் பகுதியில், பிள்ளைகள் சமயத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஒரே பாடவேளையில் பிரித்து வைக்கப்படுகிறார்கள். வாணி விழா, ஒளி விழா, மீலாத் விழா எல்லாம் சேர்ந்துதானே கொண்டாடுகிறோம் என்பார்கள் அதிபர்கள். உண்மை. அவை விருந்தோம்பல்; மேடையும் சுண்டலும் கேக்கும் உண்டு, பேச்சுக்கு இடமில்லை. 2019 ஏப்ரல் 21 இல் அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. மறுபடி பாடசாலை திறந்தபோது கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்திருந்தால், அதைப் பற்றி அவர்கள் ஒருவர் முகம் பார்த்து ஓர் ஆசிரியரின் முன் பேச நேரசூசியில் எந்த இடம் இருந்தது?

உறவுகள் பற்றிய கல்வியின் கதி இன்னும் மோசம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: 1995 ஆம் ஆண்டின் திருத்தங்களுக்குப் பின் பாலுறவுக்கு இணங்கும் வயது 16, பொதுச் சட்டத்தின்கீழ் திருமண வயது 18. முஸ்லிம்களின் மணம் 1951 ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தின்கீழ் வருவதால், ஒரே வகுப்பில் பக்கத்தில் இருக்கும் இரு சிறுமிகளுக்கு இந்த விடயத்தில் இரண்டு சட்டங்கள். சாதாரண தரம் எழுதும் வயதும் ஏறத்தாழ அந்தப் பதினாறுதான். ஆனால் தரம் 10, 11 இல் சுகாதாரமும் உடற்கல்வியும் விருப்பப் பாடம். குடியுரிமைக் கல்வியும் விருப்பப் பாடம். ‘வேண்டாம்’ என்று சொல்வதெப்படி, சொன்னால் கேட்பதெப்படி, படத்தை அனுப்பென்று நச்சரிப்பவனை என்ன செய்வது என்பவை தேவைப்படும் வயதில் அவற்றைப் பேசக்கூடிய இரண்டு பாடங்களும் விலகிக்கொள்கின்றன. சமயம் மட்டும் கட்டாயமாக நிற்கிறது. விஞ்ஞானத்தில் இனப்பெருக்கத் தொகுதி உண்டு, படத்தில் பெயரிடத் தெரிந்தால் போதும். தரம் 7 மாணவருக்கென்று தயாரித்த ‘ஹதே அபே பொத’ என்ற சிங்கள நூல் 2019–20 காலத்தில் பிக்குமார் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. தமிழ்ப் பக்கத்தில் அப்படி ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்பதை நற்சான்றாக எடுப்பதா வேறெப்படி எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் வீட்டில் பேச வேண்டியவை, பள்ளியில் பேசுவது நம் மரபன்று என்பது வழக்கமான மறுப்பு. மரபை எடுத்துப் பார்க்கலாம். நாவலரின் நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு, கள்ளுண்ணல் ஆகியவற்றோடு ‘வியபிசாரம்’ என்று தனி ஒரு பாடமே உண்டு. பிறன்மனை நாடுதலைப் பள்ளிப் பிள்ளை வாசிக்கும் நூலில் வைக்க அந்த ஆசாரசீலர் கூசவில்லை. திருக்குறளின் அறத்துப்பாலில் பிறனில் விழையாமை ஓர் அதிகாரம். மூன்றாம் பால் முழுவதும் காதலும் ஊடலும். ஒல்லாந்தத் தோம்பும் திருமணத்தைப் பள்ளியோடுதான் கட்டி வைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் மணம் முடிக்கப் போகிறவர்களுக்கு ஆயத்த வகுப்பு நடத்துகிறது. ஆகவே உறவைப் பற்றிக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. தடையாகவும் தண்டனையாகவும் கற்பித்தோம், அல்லது தாலி வாங்கியபிறகு கற்பித்தோம். புதிதாக வேண்டுவது அதைப் பதினைந்து வயதிற்கு முன்னே கொண்டுவருவதும், பாவத்தோடு மரியாதையையும் இணக்கத்தையும் சேர்த்துச் சொல்வதும்தான். வீட்டில் பேசட்டும் என்பவர்கள், தொடர்மாடி வீடொன்றில் மூன்று தலைமுறை இருக்கும் வெள்ளவத்தைக் குடும்பத்தில் அந்தப் பேச்சு எந்த அறையில் நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை தொலைபேசியிடம் கேட்கிறது. அது தயங்காமல் பதில் சொல்கிறது.

சமயம் இல்லாமல் ஒழுக்கத்துக்கு வேரில்லை என்பது இன்னும் கனமான மறுப்பு. நம்புகிறவர்களுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வேர் ஐந்து இடத்தில் இருந்தாலும் பிள்ளைகள் நடப்பது ஒரே முற்றத்தில். களவைச் சைவநெறி ஒரு காரணத்தால் விலக்கும், இஸ்லாம் இன்னொரு காரணத்தால் விலக்கும்; அந்தக் காரணங்களை அவரவர் அறையில் படித்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டுவதால் எந்த வேர் அறும்? புலம்பெயர்ந்த நம்மவர் பலர் வாழும் மொன்றியாலில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. கியூபெக் மாகாணம் 2008 இல் பிரிந்திருந்த சமய வகுப்புகளை நீக்கி ‘ஒழுக்கவியலும் சமயப் பண்பாடும்’ என்ற பொதுப்பாடத்தைக் கட்டாயமாக்கியது. கத்தோலிக்கப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2012 இல் கனடிய உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விலக்குத் தர மறுத்தது. ஆனால் 2015 இல் அதே நீதிமன்றம், லொயோலா என்ற கத்தோலிக்கப் பள்ளி தன் சமயத்தைத் தன் கண்ணோட்டத்தில் கற்பிக்க விடப்பட வேண்டும் என்றும் தீர்த்தது. பின்னர் அரசு மாறியபோது அந்தப் பாடமே போய், சமயம் சுருங்கிக் குடியுரிமை பெருத்த வேறொரு பாடம் வந்தது. சமயத்தை முற்றாக அரசின் பொதுநூலிடம் ஒப்படைத்தால் அடுத்த அரசு அதை என்ன செய்யும் என்பதற்கு அது ஒரு பாடம்; நம் பெற்றோரின் அச்சத்துக்கு அதில் நியாயம் கிடைக்கிறது. நமக்கு அந்த வழி வேண்டாம்.

பிரியாமல் ஒன்றாக இருந்து இவற்றைப் பேச நேரம் எங்கே என்று கேட்பார்கள். ஏற்கெனவே பிள்ளைக்குப் பரீட்சைச் சுமை, ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலையா ரியூஷனா என்ற இழுபறி வேறு. புதிய பாடம், புதிய நூல், புதிய வினாத்தாள் என்று இறங்கினால் அது ஆறாவது வினாவிடையாகத்தான் முடியும் என்பதை நானும் நம்புகிறேன். சமயத்துக்கென்று நேரசூசியில் ஏற்கெனவே உள்ள பாடவேளைகளில், தரம் 9 இலிருந்து 11 வரை, மாதத்தில் ஒன்றை மட்டும் வகுப்பு பிரியாமல் இருக்க விடலாம். சைவநெறி ஆசிரியரும் கத்தோலிக்க ஆசிரியரும் இஸ்லாம் ஆசிரியரும் சேர்ந்து அந்த வகுப்பை எடுக்கட்டும். ஒரு சமயத்தை இன்னொரு சமயத்தவர் விளக்க வேண்டிய நிலை அப்போது வராது. எடுத்துக்கொள்ளும் விடயம் கடன் வாங்கிய காசாக இருக்கலாம், கலப்பு மணமாக இருக்கலாம், வட்ஸ்அப் குழுவில் ஒருத்தியைக் கேலி செய்ததாக இருக்கலாம். உடம்பைப் பற்றிய கேள்வி வந்தால் சுகாதார ஆசிரியரை அழைக்கலாம். புள்ளி வேண்டாம், பரீட்சை வேண்டாம். இதற்குப் பாராளுமன்றச் சட்டமும் தேவையில்லை. மூன்று ஆசிரியரையும் ஓர் அறையில் இருத்த ஓர் அதிபர் ஒத்துக்கொண்டால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். பெற்றோருக்கு முன்கூட்டி எழுதிச் சொல்லிவிட வேண்டும். வேண்டாமென்று எழுதும் பெற்றோரின் பிள்ளையை, அன்று மிசனரிப் பள்ளியில் மறுப்புச் சொன்ன சைவப் பிள்ளையைப் போல ஓரத்தில் நிறுத்தாமல், நூலகத்துக்கு அனுப்பவும் தெரிய வேண்டும்.